மனச்சாட்சியும் மகப்பேற்றுச் சட்டமும்

ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் 5-ஆம் நாள் தூத்துக்குடியில் பனிமய அன்னையின் திருவிழா நடைபெறுகின்றது. அந்நாளில் அக்கடற்கரைத் தெருக்களில் நின்று பார்ப்பவர்க்கு ஓர் உண்மை விளங்காமற் போகாது. இக்கரையில் சமயம் என்பது ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடுவதன்று. பிறப்பும் மணமும் இறப்பும் கோயிற் பதிவேட்டில் ஏறி நிற்பவை. இத்தகைய மக்கள் வாழும் நாட்டில், மகப்பேற்றைப் பற்றியே அரசு ஒரு சட்டம் செய்யப் புகுந்தால் என்ன நிகழும்? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை மாணவர்களாகிய உங்களோடு சேர்ந்து ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முத்துக்குளித் துறையின் பரதவர் பெருந்தொகையினராய்க் கத்தோலிக்க மறையைத் தழுவியது 1536, 1537 ஆம் ஆண்டுகளில். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்து, செபங்களைத் தமிழில் ஆக்கச் செய்து, மணல்மேட்டில் சிறுவர்களைக் கூட்டி ஓதுவித்தார். அவருக்குப் பின்வந்த அன்றீக்கு அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். 1580-இல் கொச்சியில் அச்சான அவரது மற்றொரு நூல் பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையைக் கற்பிப்பது. தன் மனச்சாட்சியைத் தானே வினவிப் பார்க்கும் பழக்கம் இம்மக்களுக்கு அச்சுத் தமிழின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது என்பதை நாம் கருதுதல் வேண்டும். அதே அடிகளார் புன்னைக்காயலில் நோயாளர்க்கென ஒரு மருத்துவமனையையும் நிறுவினார். ஆகவே உடல்நலமும் ஆன்மநலமும் இக்கரையில் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தவை எனலாம்.

இனி அரசின் பக்கம் திரும்புவோம். 1860-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறு எக்காரணத்துக்காகவும் கருவைக் கலைப்பது குற்றம் என்றது. தண்டனை மூன்றாண்டுச் சிறை; கருவில் சிசுவின் அசைவு தெரிந்தபின் ஆயின் ஏழாண்டு. கலைத்தவர்க்கு மட்டுமன்று, கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் இத்தண்டனை உண்டு. சட்டம் கடுமையாய் இருந்ததே தவிர, செயல் நின்றபாடில்லை. அது இருட்டறைக்குச் சென்றது. மருத்துவம் பயிலாத கைகளுக்குச் சென்றது. எத்தனையோ தாய்மார்கள் அங்கே உயிர் துறந்தனர்.

இந்நிலையில் கருத்தடை பற்றிய விவாதம் நம் நாட்டில் எழுந்தது. 1930-களில் பெரியார் ஈ. வெ. ரா. தமிழ்நாட்டில் கருத்தடையை வற்புறுத்தினார். வறுமையைக் குறைப்பதற்காக அன்று, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்பது அவர் வாதம். காந்தியடிகளோ, 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்து தம்மைக் கண்ட மார்கரெட் சாங்கர் அம்மையாரிடம், செயற்கை முறை ஆகாது, தன்னடக்கமே வழி என்றார். கத்தோலிக்கத் திருச்சபையும் செயற்கை முறைகளை ஏற்கவில்லை.

விடுதலைக்குப் பின், 1952-இல் முதல் ஐந்தாண்டுத் திட்டத்திலேயே குடும்பக் கட்டுப்பாடு அரசின் பணியாக இடம் பெற்றது. அப்போதைய சுகாதார அமைச்சர் இராஜகுமாரி அமிருத கௌர், கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தவர், காந்தியடிகளின் தொண்டர். தம் உள்ளத்துக்கு ஒவ்வாத முறையை அவர் அரசின் பெயரால் பரப்ப விரும்பவில்லை. ஆதலின் நாட்களை எண்ணி விலகியிருக்கும் இயற்கை முறையையே முதலில் சோதித்துப் பார்த்தனர். எழுத்தறியாப் பெண்களுக்கு நாள் எண்ண உதவியாக வண்ண மணிகள் கோத்த மாலைகளைக் கொடுத்தனர். எதிர்பார்த்த பயன் விளையவில்லை. எனினும், ஓர் அமைச்சரின் மனச்சாட்சி அரசின் கொள்கையை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்பதற்கு இம்மணிமாலை ஓர் அழியாச் சான்று.

1964-இல் மத்திய அரசு சாந்திலால் ஷா என்பவர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 39 இலட்சம் கருக்கலைப்புகள் செய்யப்படுகின்றன என 1966-இல் அக்குழு மதிப்பிட்டது. அவற்றிற் பெரும்பாலானவை சட்டத்துக்குப் புறம்பானவை. தாயின் நலத்தைக் கருதியே சட்டத்தைத் தளர்த்த வேண்டும், மக்கட்பெருக்கத்தைக் குறைக்கும் கருவியாக அன்று என்பது அக்குழுவின் நிலை. 1969-இல் மசோதா மாநிலங்களவைக்கு வந்தது, கூட்டுக் குழுவின் ஆய்வுக்குச் சென்றது, 1971-இல் நிறைவேறிற்று. 1972 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

இதற்கிடையில், 1968-இல் பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையையும் கருக்கலைப்பையும் விலக்கியிருந்தது. கருவுற்ற கணத்திலிருந்தே உயிர் புனிதமானது, அதனை அழிக்க மனிதனுக்கு உரிமையில்லை என்பது திருச்சபையின் கொள்கை. 1923-இல் அமைந்த தூத்துக்குடி மறைமாவட்டத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்க்கும் இதுவே போதனை. இது வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கத் தக்கதன்று. வலியற்ற உயிரின் பக்கம் நிற்கிறோம் என்பது அவர்தம் நம்பிக்கை.

சட்டம் இதற்கு என்ன விடை கூறிற்று? பெண்ணின் உயிருக்கோ, உடல் மன நலத்துக்கோ கடும் ஊறு நேருமாயின் 20 வாரம் வரை பயிற்சி பெற்ற மருத்துவர் கருவைக் கலைக்கலாம். 12 வாரங்களைக் கடந்தால் இரு மருத்துவர் உடன்பட வேண்டும் என்பது அன்றைய விதி. வன்முறையால் உண்டான கருவும் கடும் மனத்துயராகவே கொள்ளப்படும் என்றது. யாரையும் அது கட்டாயப்படுத்தவில்லை. விரும்பாத தாய்க்கு அது கட்டளையன்று. கத்தோலிக்க மருத்துவமனைகள் அப்பணியைச் செய்யாமலே இயங்கி வருகின்றன. 2021-இல் செய்த திருத்தம், சில வகைப் பெண்களுக்கு வரம்பை 24 வாரமாக உயர்த்திற்று. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்களுக்கும் அவ்வுரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது.

ஆயினும் அரசின் கை எப்போதும் அடங்கி நிற்பதில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 என்னும் ஓராண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. அவற்றுள் வற்புறுத்தலால் நிகழ்ந்தவை பல. அனுமதி கட்டளையாக மாறும் ஆபத்து உண்டு என அஞ்சியவர்களின் அச்சம் அப்போது மெய்யாயிற்று.

கத்தோலிக்கர் சிறுபான்மையினராய் உள்ள நாட்டில் நடந்தது இது. அவர்கள் பெரும்பான்மையினராய் உள்ள நாட்டில் என்ன நடந்தது? பிலிப்பைன்ஸ் தீவுகளைப் பாருங்கள். முத்துக்கரையைப் போலவே 16-ஆம் நூற்றாண்டில் மறை ஏற்ற நாடு அது. ஐவரில் நால்வர் கத்தோலிக்கர். ஏழைகளுக்கு அரசு நிலையங்களில் கருத்தடைப் பொருள்களை வழங்கவும், தாய்மார் நலம் பேணவும், பள்ளிகளில் உரிய அறிவு புகட்டவும் வகைசெய்யும் மசோதா அங்கே முதலில் எழுந்தது 1998-ஆம் ஆண்டளவில். ஆயர்கள் எதிர்த்தனர். ஒவ்வொரு பேரவைக் காலத்திலும் மசோதா எழுந்து வீழ்ந்தது. 2012 டிசம்பரில் கீழவையின் இரண்டாம் வாசிப்பில் 113 பேர் ஆதரித்தனர். 104 பேர் எதிர்த்தனர். சில நாட்களில் கீழவை 133-க்கு 79 என்றும், மேலவை 13-க்கு 8 என்றும் முடிவு செய்தன. டிசம்பர் 21-இல் குடியரசுத் தலைவர் அக்கினோ கையொப்பமிட்டார். அச்சட்டம் கருக்கலைப்பைக் குற்றமாகவே வைத்தது. ஆனால் கலைப்பினால் துன்புறும் பெண்ணை மனிதநேயத்தோடு பேணல் வேண்டும் என்றது. 2014 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, மனச்சாட்சியின்பாற் பட்டு மறுக்கும் மருத்துவரைத் தண்டிக்கும் பகுதி உள்ளிட்ட எட்டுக் கூறுகளை நீக்கிற்று.

அயர்லாந்திலோ விடை வேறு வழியில் வந்தது. 1983-இல் அந்நாட்டு மக்கள் கருவின் உயிருரிமையைத் தாயின் உயிருரிமைக்குச் சமமாக அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தனர். 2012 அக்டோபரில், கருநாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் 17 வாரக் கரு சிதைந்துவரும் நிலையில் கால்வே நகர மருத்துவமனையில் சேர்ந்தார். கருவின் இதயம் துடித்துக்கொண்டிருந்தமையால் அவர் வேண்டிய சிகிச்சை மறுக்கப்பட்டது. இரத்தத்தில் நச்சு பரவி அவர் இறந்தார். அவருக்கு வயது 31. 2018 மே மாதத்தில் நடந்த வாக்கெடுப்பில் 66 விழுக்காட்டினர் அவ்விதியை நீக்க இசைந்தனர்.

மாணவர்களே, இம்மூன்று நாடுகளின் வரலாற்றையும் ஒருசேர நோக்கினால் ஒன்று தெளிவாகும். சட்டமன்றத்தில் மோதியவை நன்மையும் தீமையும் அல்ல; இரண்டு நன்மைகள். பிறவாத உயிரின்பால் கொண்ட இரக்கம் ஒன்று. பெற்றெடுக்க வேண்டிய பெண்ணின் உயிரும் உரிமையும் மற்றொன்று. அதனாலன்றோ ஒரு நாடு பதினான்கு ஆண்டுகள் வாதாடிற்று!

முத்துக்குளிக்கும் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு அத்தொழில் நின்றுவிட்டது. எனினும் அதன் முறை பெரியோர் நினைவில் உண்டு. ஒருவர் மூழ்குவார், மற்றொருவர் தோணியில் கயிறு பிடித்திருப்பார். எங்கே மூழ்குவது, எவ்வளவு நேரம் அடியில் இருப்பது என்பதை மூழ்குபவரே அறிவார். கீழிருந்து கயிறு அசைந்த கணமே மேலே இழுப்பது கயிறு பிடிப்பவர் கடமை. அவர் மற்றவரை நீரில் தள்ளவும் கூடாது. இழுக்காமல் நின்று வாதாடவும் கூடாது. 1976-இல் நம் அரசு தள்ளிற்று. 2012-இல் கால்வேயில் சட்டம் இழுக்காமல் நின்றது. இவ்விரு பிழைகளுக்கும் இடையே நிற்கக் கற்றுக்கொள்வதே சட்டம் செய்வோரின் கல்வி. நாளை அம்மன்றங்களுக்குச் செல்லக்கூடிய நீங்கள், கயிற்றின் மறுமுனையில் ஒரு பெண் இருக்கிறாள் என்பதை மறவாதிருப்பீர்களாக.