ஈழத்து மாணாக்கரும் கடல் கடந்த பல்கலைக்கழகங்களும்

ஈழநாட்டிலே பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டிலேயே தோன்றிற்று. அதற்கு முன்னர், பட்டம் பெற விரும்பிய மாணாக்கர் கடல் கடந்த நகரங்களையே நோக்கவேண்டியவராயினர். சென்னை, கல்கத்தா, கேம்பிறிட்ஜ், இலண்டன் என்பன அவர்முன் நின்றன. இவற்றுள் எது புகழ்மிக்கது என்னும் வினாவே தெரிவை நிச்சயித்தது எனப் பலர் எண்ணுவர். வரலாறு காட்டும் உண்மை வேறாகும். எவ்வாயில் திறந்திருந்தது, அதனுள் நுழைதற்கு எவ்வளவு பொருள் வேண்டியிருந்தது, உள்ளே யாது கற்பிக்கப்பட்டது என்பனவே மாணாக்கர் வாழ்வையும் நாட்டின் கல்வியையும் வகுத்தன.

அமெரிக்க மிசனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. அதற்கு இரண்டாண்டின் பின்னர், 1857இலே, கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. சென்னையின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையிற் பயின்ற யாழ்ப்பாணத்தவரே. தாமோதரம்பிள்ளை பத்திரிகைப் பணியின் பொருட்டு முன்னரே சென்னை சென்றிருந்தவர். பட்டம் பெற்றபின் அந்நாட்டிலேயே உத்தியோகம் வகித்தார். ஓய்வு வேளைகளில் ஏட்டுச் சுவடிகளைத் தேடி, வீரசோழியம் (1881), கலித்தொகை (1887) முதலியவற்றைப் பதிப்பித்தார். ஈழம் ஒரு பட்டதாரியைப் பிரிந்தது. தமிழோ ஒரு பதிப்பாசிரியரைப் பெற்றது. சென்னையைத் தெரிந்ததன் இழப்பும் பேறும் இவையாகும்.

கல்கத்தாவின் நிலை வேறு. தொலைவால் அது சென்னையினும் சேயது. வழங்கும் மொழியாலும் அயலானது. எனினும் அப்பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இலங்கையும் அடங்கியிருந்தமையால், இங்குள்ள கல்லூரிகள் அதனோடு இணைய முடிந்தது. 1872இல் தோன்றிய யாழ்ப்பாணக் கல்லூரி மாணாக்கரைக் கல்கத்தாப் பரீட்சைகளுக்கு ஆயத்தஞ் செய்தது. மாணாக்கர் ஊரைவிட்டு நீங்காமலே ஒரு பெரும் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு கொண்டனர். ஆயினும் அத்தொடர்பின் உயிர் பிறர் கையிலேயே இருந்தது. கர்சன் பிரபுவின் காலத்தில், 1904இல், நிறைவேறிய இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் நில எல்லை வகுக்க வழிசெய்தது. அதன்பின் யாழ்ப்பாணத்தார் இலண்டனை நோக்கித் திரும்பினர். இங்குள்ள ஆசிரியரோ பெற்றோரோ அச்சட்டத்தை ஆக்கியவரல்லர். அதன் விளைவை ஏற்றவர் அவர்களே.

கேம்பிறிட்ஜ் ஒருசிலருக்கே எட்டியது. அங்கே வதிந்து கற்றல் வேண்டும். அதற்குப் பெருஞ்செல்வமோ அரசினர் புலமைப் பரிசிலோ இன்றியமையாதது. 1870இல் அத்தகைய பரிசில் பெற்ற பொன்னம்பலம் அருணாசலம் கிறைஸ்ற் கல்லூரியிற் கற்று, 1875இலே இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். அன்னார் தாம் பெற்ற பேற்றோடு அமைந்துவிடவில்லை. 1906இல் தொடங்கப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழக இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் அவரே. அயல்நாட்டின் உயர்ந்த கலைக்கூடத்தை நேரிற் கண்டவரே தம் நாட்டுக்கும் அத்தகையதொன்று வேண்டுமென முயன்றமை சிந்திக்கற்பாலது.

எஞ்சியது இலண்டன். மருத்துவம் தவிர்ந்த துறைகளில், எக்கல்லூரியிலும் சேராதாரும் பரீட்சைக்குத் தோற்றலாம் என அப்பல்கலைக்கழகம் 1858இல் விதித்தது. 1882 தொட்டு அதன் பிரவேசப் பரீட்சை இலங்கையிலும் நடைபெற்றது. கப்பற் செலவு இல்லை. விடுதிக் கட்டணம் இல்லை. பகலிற் பாடஞ் சொல்லிய ஆசிரியர் இரவில் விளக்கின்முன் தாமே மாணாக்கராகிப் பட்டம் பெற இவ்வழி இடந்தந்தது. ஏழையின் பல்கலைக்கழகம் என இதனைக் கூறுதல் பொருந்தும். ஆனால் அது பட்டத்தைத் தந்ததேயன்றி ஆசிரியரைத் தரவில்லை. நூல்நிலையத்தையும், உடன்கற்போர் உரையாடலையும் தரவில்லை. 1921இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டபோது இக்குறைகள் ஓரளவு நீங்கின. எனினும் 1942 வரையும் அங்குப் பயின்றோர் இலண்டன் பட்டத்துக்கே தோற்றினர். கற்பிப்போர் இங்கிருந்தனர், பாடத்திட்டம் வகுப்போர் அங்கிருந்தனர்.

இந்நிலையில் ஒரே வாயில் போதாதெனக் கண்டவர் சுவாமி விபுலாநந்தர். 1916இலே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டத்தைப் பெற்ற அவர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி. எஸ்ஸி. பட்டத்தையும் பெற்றார். தமிழ்ப் புலமைக்கு மதுரையும் விஞ்ஞானத்துக்கு இலண்டனும் அவருக்கு வேண்டியிருந்தன. இரு கல்வியும் ஒருவர் உள்ளத்திற் கலந்ததன் பயனை 1947இல் வெளிவந்த யாழ் நூல் காட்டும். பழந்தமிழ் இசையைக் கணித முறையால் ஆராய்ந்த நூல் அது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த அவரே, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியருமாயினார்.

1974இல் யாழ்ப்பாணத்திலே பல்கலைக்கழக வளாகமொன்று அமைந்தது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆயினும் பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களை நாடுதல் ஒழிந்திலது, ஒழியவேண்டுவதுமன்று. தாமோதரம்பிள்ளையும் அருணாசலமும் விபுலாநந்தரும் வெவ்வேறு வாயில்களால் நுழைந்தவர்கள். அவர்களை இன்றும் நினைக்கச் செய்வது அவ்வாயில்களின் புகழன்று. அவற்றினூடு பெற்றதைக் கொண்டு அவர்கள் மீண்டு செய்த பணியே. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கிடையே மயங்கி நிற்கும் மாணாக்கன் எது பெரிது என வினாவுதல் இயல்பு. அங்குக் கற்பது யாது, அக்கல்வி கொண்டு செய்யத்தக்கது யாது என்னும் வினாக்களையும் அவன் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.