மனைவியோடு மொலோக்காய்க்குப் போனவர்

ஹவாயின் மொலோக்காய் தீவில், வட கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தட்டையான நிலத்துண்டு கலௌபாப்பா. மூன்று பக்கம் கடல். நான்காவது பக்கத்தில் ஏறக்குறைய 2,000 அடி உயரத்துக்குச் செங்குத்தான மலை. தொழுநோய் பரவுவதைத் தடுக்க 1865-ல் ஹவாய் அரசு சட்டம் இயற்றியபோது, நோயாளிகளை ஒதுக்கிவைக்க இந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. 1866 ஜனவரியில் முதல் நோயாளிகள் இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். கட்டாயத் தனிமை 1969-ல் முடிவதற்குள் சுமார் 8,000 பேர் இப்படி அனுப்பப்பட்டுவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஹவாயின் பூர்வகுடிகள்.

தமிழ் வாசகர்களுக்கு, குறிப்பாகக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு, மொலோக்காய் என்றதும் நினைவுக்கு வருபவர் புனித தமியான். பெல்ஜியத்தில் பிறந்த அந்தக் குருவானவர் 1873 மே மாதம் தீவின் அந்தக் குடியிருப்புக்கு வந்தார். அதே 1873-ல் ஒரு ஹவாய்த் தம்பதியும் அங்கே வந்து சேர்ந்தார்கள். கணவர் ஜோனதன் நாப்பெலா, மனைவி கிட்டி. நோய் மனைவிக்கு. கணவருக்கு அப்போது உடம்பில் ஒரு குறையும் இல்லை.

நாப்பெலா சாதாரணமானவர் அல்லர். 1813-ல் மவுயி தீவில் பிறந்தவர். மிஷனரிகள் நடத்திய லகைனாலுனா பள்ளியின் தொடக்க கால மாணவர். வைலுக்கு பகுதியில் நீதிபதியாக இருந்தவர். 1851-ல் மார்மன் சபையின் இளம் ஊழியர் ஜார்ஜ் கேனன் அவரைச் சந்தித்தார். மறு ஆண்டு ஜனவரியில் நாப்பெலா ஞானஸ்நானம் பெற்றார். அந்தச் சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தைக் கேனன் ஹவாய் மொழிக்குக் கொண்டுவந்தபோது, வரிக்கு வரி பக்கத்தில் இருந்து திருத்தியவர் அவர்தான். அந்தப் புத்தகம் 1855-ல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சானது. அமெரிக்காவிலிருந்து வந்த ஊழியர்களுக்கு ஹவாய் மொழி கற்பிக்கவும் அவர் ஏற்பாடு செய்தார். 1869-ல் யூட்டாவுக்குப் போய்ச் சபைத் தலைவர் பிரிகாம் யங்கைச் சந்தித்துத் திரும்பினார். நாப்பெலாவின் மகளை மணந்தவர், பெரும் பண்ணைக்கு உரிமையாளரான சாமுவேல் பார்க்கர். வயதான காலத்தில் மகள் வீட்டு நிழலில் நிம்மதியாக இருந்திருக்க வேண்டியவர் நாப்பெலா.

மார்மன் சபை இன்று, பணி ஓய்வு பெற்ற தம்பதிகளை உலகெங்கும் ஊழியத்துக்கு அனுப்புகிறது. போன இடத்தில் தங்கி, வயதான கணவனும் மனைவியுமாக ஆராதனைக்கு உதவுவார்கள், வீடு வீடாகப் போய் நலம் விசாரிப்பார்கள். நாப்பெலாவையோ யாரும் அனுப்பவில்லை. அறுபதாவது வயதை நெருங்கும்போது அவராகவே போனார்.

இப்படி நோயாளியோடு துணைக்குப் போகிறவர்களை ஹவாய் மக்கள் ‘கோகுவா’ என்பார்கள். கலௌபாப்பாவின் தொடக்க ஆண்டுகளைப் புரிந்துகொள்ள அவர்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். நோயாளிகள் தாங்களே பயிரிட்டு உண்பார்கள் என்று அரசு கணக்குப் போட்டது. விரல் மரத்து, பாதம் புண்ணானவர்கள் மண்ணைக் கொத்துவது எப்படி? தண்ணீர் சுமந்து, குடிசை போட்டு, புண்ணுக்குக் கட்டுப்போட்டு, இறந்தவரைப் புதைத்து அந்த இடத்தை நடத்தியவர்களில் பெரும்பங்கினர் மனைவியும் கணவனும் தாயும் பிள்ளையுமான இந்தத் துணையாட்கள்தான். வரலாறு இவர்களுக்கு உரிய இடத்தை இன்னும் தரவில்லை.

ஹவாய் அரசின் சுகாதார வாரியம் நாப்பெலாவின் தகுதியைப் பார்த்து, குடியிருப்பின் மேற்பார்வைப் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. வாரந்தோறும் உணவுப் பங்கீடு நடக்கும்: சேப்பங்கிழங்கை அவித்து இடித்த மாவு, கொஞ்சம் இறைச்சி. அது நோயாளிகளுக்கு மட்டும் என்பது விதி. உழைக்கும் துணையாட்கள் பசியோடு நின்றால் நாப்பெலாவுக்குப் பொறுக்கவில்லை. அவர்களுக்கும் அளந்து கொடுத்தார். வாரியம் 1873 அக்டோபரில் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அதோடு நிற்கவில்லை. நோயில்லாத அவர் அங்கே இருக்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது.

அப்போது அவர் வாரியத்துக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. 1843 ஆகஸ்டில் கிட்டியை மணந்த நாளில், நோயிலும் நலத்திலும் மரணம் வரை அவளைப் பார்த்துக்கொள்வதாகக் கடவுள்முன் வாக்குக் கொடுத்ததை அதில் நினைவூட்டினார். தனக்கு வயது அறுபது. இருக்கப்போகும் கொஞ்ச நாளையும் மனைவியோடு கழிக்க வேண்டும் என்று கேட்டார். ஒருகாலத்தில் நீதிபதியாக இருந்தவரின் மனு என்பதால் சட்டவாதம் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். அவர் முன்வைத்ததோ திருமண வாக்கு ஒன்றைத்தான். அவரை இருக்க அனுமதித்தார்கள்.

பதவி போனது, பணி போகவில்லை. தீவின் அந்தக் கரையிலிருந்த மார்மன் விசுவாசிகளுக்கு அவர்தான் மூப்பர். ஆராதனை, ஆறுதல், அடக்கம் எல்லாம் அவர் தலைமையில் நடந்தன. தமியானும் அவரும் நண்பர்களானார்கள். மார்மன்களும் கத்தோலிக்கர்களும் ஒருவர் போதனையை மற்றவர் ஏற்காத அந்தக் காலத்தில் இந்த நட்பு சிறிய விஷயமல்ல. அங்கே நோயாளியாக இருந்த அரச குடும்பத்துப் பீட்டர் கயேயோ, தன் உறவினரான எம்மா அரசிக்கு எழுதிய கடிதங்களில் நாப்பெலாவை அடிக்கடி குறிப்பிடுகிறார்.

சில ஆண்டுகளில் நாப்பெலாவையும் நோய் பிடித்தது. 1879 ஆகஸ்ட் 6-ல் அவர் இறந்தார். பார்த்துக்கொள்ள வந்தவர் முந்திக்கொள்ள, கிட்டியும் அதே மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

1889-ல் அதே நோயால் இறந்த தமியானுக்கு 2009-ல் புனிதர் பட்டம் கிடைத்தது. வாஷிங்டனின் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஹவாயின் சார்பில் அவர் சிலையும் நிற்கிறது. அவருக்கு அந்தப் பெருமை முழுக்கத் தகும். நாப்பெலாவின் பெயரில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஹவாய் வளாகத்தில் ஹவாயிய ஆய்வு மையம் ஒன்று இயங்குகிறது. ஆனாலும் மொலோக்காயின் கதையை, வெளியிலிருந்து வந்த ஒரு புனிதர் கைவிடப்பட்ட மக்களைக் காப்பாற்றிய கதையாகவே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர் வந்தபோது அந்த மக்கள் ஒருவரையொருவர் கைவிட்டிருக்கவில்லை. அதற்குச் சாட்சியாக ஜோனதனும் கிட்டியும் அந்தக் கதையின் முதல் பக்கங்களிலேயே வர வேண்டும்.