குழாய்வழி உணவூட்டல்: செவிலியர் பராமரிப்பு (தேனி, கம்பம் பள்ளத்தாக்கு)

குழாய்வழி உணவூட்டல் என்பது, வாயால் பாதுகாப்பாக விழுங்க முடியாத நோயாளிக்குக் குழாய் மூலம் இரைப்பைக்கோ சிறுகுடலுக்கோ திரவ உணவு செலுத்தும் முறை. பக்கவாதம், தலைக்காயம், வாய், தொண்டைப் புற்றுநோய் ஆகியவற்றில் பெரிதும் தேவைப்படுகிறது. குடல் இயங்கினால்தான் இம்முறை பயன்படும்.

வகைகள்

மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் ரைல்ஸ் குழாயே பரவலானது. ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஆல்ஃபிரட் ரைலின் பெயரால் வழங்குவது. உணவூட்டல் பல வாரங்கள் நீளுமானால், எண்டோஸ்கோப்பி உதவியுடன் வயிற்றுச் சுவர் வழியே 'பெக்' குழாய் பொருத்துவர். இது 1979-இல் அமெரிக்காவில் முதன்முதலாகச் செய்யப்பட்டது.

குழாயின் இடம்

குழாய் நுரையீரலுக்குள் நுழைந்திருப்பதை அறியாமல் உணவு செலுத்தினால் உயிருக்கே ஆபத்து. மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை வரை அளந்து செலுத்த வேண்டும். உறுதிசெய்ய எக்ஸ்-ரே சிறந்தது. உறிஞ்சியெடுத்த இரைப்பை நீரின் பி.எச். 5.5 அல்லது அதற்குக் கீழ் இருப்பதும் ஏற்கத்தக்கது. காற்றைச் செலுத்தி ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்பதை மட்டும் நம்பக் கூடாது. மூக்கருகே குழாயில் இட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வேளையும் பார்ப்பது அவசியம்.

உணவு கொடுத்தல்

தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி, உணவு முடிந்த பின்னும் அரை மணி நேரமாவது அப்படியே வைக்க வேண்டும். 50 மி.லி. சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டுக் குழாயில் பொருத்தி, உணவைத் தானாக இறங்க விடுவர், அழுத்தித் தள்ளுவதில்லை. முன்னும் பின்னும் சுமார் 30 மி.லி. தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவர். மாத்திரைகளைத் தனித்தனியே பொடித்துக் கரைக்க வேண்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. வாயால் சாப்பிடாதவருக்கும் அன்றாடம் வாய் துடைப்பது நுரையீரல் தொற்றைக் குறைக்கும்.

வீட்டுப் பராமரிப்பு

க.விலக்கில் இயங்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், பெரியகுளம் அரசு மருத்துவமனையும் தேனி மாவட்டத்தின் முக்கிய அரசு மருத்துவமனைகள். அங்கிருந்து கம்பத்துக்கோ கூடலூருக்கோ திரும்பும் நோயாளிக்குக் குழாய் கழன்றால் நெடுந்தூரம் வர வேண்டியிருக்கும். எனவே வீட்டாருக்குச் செய்து காட்டி, அவர்களையே செய்யச் சொல்லிப் பார்ப்பது செவிலியர் பணியில் சேரும். ராகிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர் முதலியவற்றைத் துணியில் வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் கட்டி அடைத்துக்கொள்ளும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் சாற்றைப் பாலோடு அடுத்தடுத்துக் கொடுத்தால், அதன் புளிப்பில் பால் குழாய்க்குள் திரிந்து அடைக்கும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர்கள் வீடு தேடி வருகின்றனர். உணவின்போது இருமல், மூச்சுத்திணறல், உதடு நீலமாதல் கண்டால் உடனே நிறுத்தி 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கழன்ற ரைல்ஸ் குழாயை வீட்டார் தாமே மீண்டும் செருகக் கூடாது.