பள்ளிக்கூடம் விற்ற பந்தய மகிழுந்து



1972ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து விக்டோரியா நகரிலுள்ள உயர்நிலைப்பள்ளி ஒன்று, தன் பட்டறையிலிருந்த பழைய மகிழுந்தை 6,500 டாலருக்கு விற்றது. மாணவர்கள் வாகனப் பழுதுபார்ப்பைக் கற்றுக்கொள்வதற்காக, 1964ஆம் ஆண்டில் அதன் உரிமையாளர் நன்கொடையாக அளித்த வண்டி அது. அதன் பெயர் ஃபெராரி 250 ஜிடிஓ. அதே வகையைச் சேர்ந்த மற்றொரு வண்டி, 2018ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் நடைபெற்ற ஏலத்தில் 48.4 மில்லியன் டாலருக்கு விலைபோனது.

'ஐயோ, அந்தப் பள்ளி ஏமாந்துவிட்டதே!' என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அது உண்மைதானா? சற்றே வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

250 ஜிடிஓ அழகுப் பொருளாகப் பிறந்ததன்று. பந்தயத்தில் வெல்வதற்கென்றே பிறந்தது. பொறியியலாளர் ஜியோட்டோ பிஸ்ஸாரினி இதன் பணியைத் தொடங்கினார். 1961ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நிறுவனத்தை விட்டு வெளியேறவே, 26 வயதே நிரம்பிய மௌரோ ஃபோர்கியெரி அதனை முடித்துவைத்தார். அலுமினிய உடற்பகுதிகளை மொடேனா நகரின் ஸ்காலியெத்தி பட்டறைக் கைவினைஞர்கள் தட்டித் தட்டி உருவாக்கினர். மூன்று லிட்டர் கொள்ளளவும் பன்னிரண்டு உருளைகளும் கொண்ட இயந்திரம் ஏறத்தாழ 300 குதிரைத்திறனைத் தந்தது. அக்காலப் பந்தய விதிப்படி, இத்தகைய வண்டியில் குறைந்தது 100 தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். என்சோ ஃபெராரியோ, இது தம் முந்தைய 250 ஜிடி வண்டியின் மாற்றுருவமே என்று வாதிட்டு அனுமதி பெற்றார். 1962 முதல் 1964 வரை உருவானவை 36 மட்டுமே. அம்மூன்று ஆண்டுகளிலும் தன் பிரிவின் உலகப் பட்டத்தை ஃபெராரிக்கு ஈட்டித் தந்தது இவ்வண்டி.

ஆயினும் பந்தய உலகில் நேற்றைய வெற்றிக்கு இன்று மதிப்பில்லை. இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்திய புதிய வண்டிகள் வந்தவுடன், முன்புறத்தில் இயந்திரம் கொண்ட ஜிடிஓ பழையதாகிவிட்டது. அதனாலன்றோ அது பள்ளிப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது! அந்தப் பள்ளியிடமிருந்து வாங்கியவர்கூட அதனை ஓர் இழுவை வண்டியின்மீது ஏற்றி, திறந்தவெளியில் பல்லாண்டுகள் வெயிலிலும் மழையிலும் விட்டுவைத்திருந்தார்.

பின்னர்க் காற்று திசை மாறியது. 1977ஆம் ஆண்டில் பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் நிக் மேசன் சுமார் 37,000 பவுண்டு கொடுத்து ஒரு ஜிடிஓவை வாங்கினார். 1988 ஆகஸ்டு மாதத்தில் என்சோ ஃபெராரி மறைந்தார். ஜப்பானியப் பொருளாதாரம் பொங்கி வழிந்த காலமும் அதுவே. 1989ஆம் ஆண்டில் ஒரு ஜிடிஓ 13 மில்லியன் டாலருக்கும் மேலான விலைக்குக் கைமாறியது. வாங்குவோர் பலர் வண்டியை நேசித்து வாங்கவில்லை. நாளை இன்னும் கூடுதலாக விற்கலாம் என்றே வாங்கினர். குமிழி உடைந்தது. 1990களின் நடுப்பகுதியில் இதே வண்டிகள் மூன்று மில்லியன் டாலர் அளவுக்கு இறங்கின.

மீண்டும் விலை ஏறியது. 2014இல் ஏலத்தில் 38.1 மில்லியன், 2018இல் 48.4 மில்லியன், 2023 நவம்பரில் நியூயார்க்கில் 51.7 மில்லியன் டாலர்.

இவ்வுயர்வுக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, எண்ணிக்கை இனிக் கூடாது. இரண்டாவது, ஒவ்வொரு வண்டியின் அடிச்சட்ட எண்ணும், அதனை யார் ஓட்டினார், எந்தப் பந்தயத்தில் ஓட்டினார் என்னும் விவரமும் ஆவணங்களில் உள்ளன. வாங்குபவர் இரும்பையும் அலுமினியத்தையும் வாங்குவதில்லை. சான்றுள்ள ஒரு வரலாற்றை வாங்குகிறார். மூன்றாவது, பந்தயத் திடலின் வேலியோரம் நின்று வாய்பிளந்து பார்த்த சிறுவர்கள் வளர்ந்து செல்வந்தராயினர். 2019ஆம் ஆண்டில் இத்தாலியின் பொலோனியா நீதிமன்றம் இவ்வண்டியின் வடிவத்தைக் கலைப்படைப்பு என்றே ஏற்றுக்கொண்டது.

இப்போது விக்டோரியா பள்ளிக்குத் திரும்புவோம். பின்னாளைய ஏலக் கணக்கை வைத்துப் பார்த்தால் அது பெரும் இழப்பே. ஆனால் 1972இல் அந்த ஏலக் கணக்கு எங்கே இருந்தது? அன்று சந்தை சொன்ன விலைக்கே பள்ளி விற்றது. அதற்குமுன், உலகப் பட்டம் வென்ற ஓர் இயந்திரம் மாணவர்களின் பாடப் பொருளாக இருந்தது. இன்று அதே வகை வண்டியைக் கயிற்றுக்கு இப்பால் நின்று பார்க்கத்தான் பிள்ளைகளுக்கு வாய்ப்புண்டு.

மற்றொரு செய்தியையும் இங்கே கூற விழைகிறேன். 1955ஆம் ஆண்டில் இரண்டே இரண்டாக உருவான மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூப்பே வண்டிகளுள் ஒன்றை, அந்நிறுவனமே 2022 மே மாதத்தில் ஏலத்தில் விற்றது. விலை 135 மில்லியன் யூரோ. அத்தொகை இளைஞர்களின் கல்விக்கும் ஆய்வுக்கும் உதவும் நிதிக்கு ஒதுக்கப்பட்டது.

ஒரு வண்டி விலையேறுவதற்கு முன்னரே மாணவர்க்குப் பயன்பட்டது. மற்றொன்று விலையேறிய பின்னர்ப் பயன்படுகிறது. விலை ஏறும், இறங்கும், மீண்டும் ஏறும். ஒரு பொருள் யாருக்கு எதைக் கற்பித்தது என்பதை எந்த ஏலமும் கணக்கிடுவதில்லை. அந்தக் கணக்கை வைத்திருக்க வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமும் பெற்றோர்களாகிய நீங்களுமே அல்லவா?