ஷிப்டு முடிந்ததும் மைதானம்: தங்கவயலின் பந்தாட்டம்

கோலார் தங்கவயலில் மாலை ஆட்டம் எப்போது தொடங்கும் என்பதைச் சுரங்கத்தின் சங்குதான் முடிவு செய்தது. காலை ஷிப்டுக்குக் கேஜ் என்ற சுரங்கக் கூண்டில் இறங்கியவர்கள் பிற்பகலில் மேலே வந்து, விளக்கை ஒப்படைத்து, லைன் எனப்பட்ட வரிசை வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு மைதானம் சேரும்போது வெயில் தாழ்ந்திருக்கும். கால்பந்தோ ஹாக்கியோ, இருட்டுவதற்குள் ஒரு முழு ஆட்டத்துக்கு நேரம் கிடைத்தது. ஷிப்டு மாறினால் அணியும் மாறியது. நல்ல கோல்கீப்பர் அன்று பிற்பகல் ஷிப்டில் பூமிக்கடியில் இருந்தால், மேலே இன்னொருவர்தான் கோலில் நின்றாக வேண்டும். சுரங்க வேலை உயிரைக் குடிக்கும் வேலை. ஆனாலும் தொழிலாளிக்குப் பகல் வெளிச்சத்தில் சில மணி நேரம் மிச்சம் வைத்தது அந்த வேலைமுறைதான். தங்கவயலின் பந்தாட்டம் அந்தச் சில மணி நேரத்தில் வளர்ந்தது.

இந்த வட்டாரத்தில் பொன் இருப்பது பழங்காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. 1802இல் எல்லை அளக்க வந்த ஜான் வாரன் என்ற படை அதிகாரி, ஊர்மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைப் பதிவு செய்தார். 1870களில் நியூசிலாந்துப் போரில் பணியாற்றித் திரும்பிய லவல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை பெற்றார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் உள்ளே வந்த பிறகே பெருந்தொழில் தொடங்கியது. மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகியவை தனித்தனிக் கம்பெனிகள். ஆனால் மேலாண்மை ஒரே குடும்பத்தின் கையில். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், அவர்களிலும் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கிராமத்துப் பண்ணை அடிமைத்தனத்திலிருந்து தப்பிக்க மலையடிவாரத்து ரயிலைப் பிடித்தவர்கள் அவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கத் தொழிலாளர் எண்ணிக்கை முப்பதாயிரத்தைத் தொட்டது.

மேற்பார்வைக்கு வந்தவர்களில் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலைச் சேர்ந்தவர்கள் அதிகம். 1860களில் அங்கே செம்புச் சுரங்கங்கள் படுத்துவிட்டதால், கார்ன்வால் சுரங்கக்காரர்கள் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா என்று கிளம்பினார்கள். போன இடங்களுக்குத் தங்கள் தேவாலயத்தையும் பந்தையும் கூடவே கொண்டு போனார்கள். ஜான் டெய்லரே 1824இல் மெக்சிகோவின் ரியல் டெல் மோன்டே வெள்ளிச் சுரங்கங்களுக்காக ஒரு கம்பெனி தொடங்கியவர். அங்கே குடியேறிய கார்ன்வால் குடும்பங்கள் வழியாகத்தான் பச்சூகா நகரில் கால்பந்து வேரூன்றியது. மெக்சிகோக் கால்பந்தின் பிறப்பிடம் என்று அந்த ஊரை இன்றும் சொல்கிறார்கள். அதே டெய்லர் குடும்பம், அதே கார்ன்வால் ஆட்கள் கோலாருக்கும் வந்தார்கள். பச்சூகாவின் பெயர் உலகக் கால்பந்து வரலாற்றில் ஏறியது. தங்கவயலின் பெயர் ஏறவில்லை. இரண்டு ஊர்களிலும் பந்து வந்த வழி என்னவோ ஒன்றுதான்.

முதலில் விளையாட்டு வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். 1880களிலேயே கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்) கிளப் எழுந்தது. கோல்ஃப் திடல், டென்னிஸ், பில்லியர்ட்ஸ், மாலை நேரக் குடி என்று இங்கிலாந்தின் ஒரு துண்டை அப்படியே பெயர்த்து வைத்ததுபோல் இருந்ததால் ஊருக்கே 'குட்டி இங்கிலாந்து' என்ற பட்டம் வந்தது. சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் 147 கிலோமீட்டர் கம்பி வழியே 1902இல் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூர் நகரத்துக்கே மூன்று ஆண்டு கழித்துத்தான் கிடைத்தது. பேத்தமங்கலம் ஏரித் தண்ணீரும் குழாயில் வந்தது. பங்களாக்களில் விளக்கும் புல்வெளியும், லைன்களில் பலருக்கு ஒரு குழாயும் என்பதே அன்றைய பங்கீடு. ஆங்கிலோ இந்தியர்கள் இரண்டுக்கும் நடுவில் தங்களுக்கென்று மன்றங்களும் நடன அரங்குகளும் வைத்துக்கொண்டார்கள். ஹாக்கியில் அவர்கள் கை ஓங்கியிருந்தது.

மூங்கில் தட்டியால் எழுப்பிய வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு ஊரிலிருந்து கொண்டு வந்த சடுகுடுவும் சிலம்பமும் இருந்தன. பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் கம்பு சுழன்றது. கால்பந்து அவற்றின் பக்கத்தில் மெல்ல வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடங்களும் பாதிரிமார்களும் ஒரு வழி. கம்பெனிகள் இன்னொரு வழி. தொழிலாளிகள் கூடிப் பேசுவதைவிட கூடி விளையாடுவது நல்லது என்று உலகெங்கும் ஆலை முதலாளிகள் நினைத்த காலம் அது. சென்னையின் பஞ்சாலைகளிலும் ஜாம்ஷெட்பூரிலும் இதே கணக்குத்தான். 1930 ஏப்ரலில், கைரேகை பதிவு செய்ய வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர்கள் 21 நாள் வேலைநிறுத்தம் செய்து உத்தரவைத் திரும்பப் பெற வைத்தார்கள். பந்து கொடுத்தால் சங்கம் வராது என்று எண்ணியவர்களின் கணக்கு அங்கே பொய்த்தது.

பொய்க்காமல் இருந்தால்தான் வியப்பு. கூடுவதும், சந்தா பிரிப்பதும், பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பதும் இந்த மக்களுக்குப் பழகியவை. சாதியை எதிர்த்த பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் தங்கவயலின் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளை விட்டிருந்தது. அவர் நடத்திய 'தமிழன்' இதழ் நின்றுபோன பிறகு, 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. வாசிப்பு மன்றம், இரவுப் பள்ளி, பஜனைக் குழு, நாடக சபை, பந்தாட்டக் குழு எல்லாவற்றுக்கும் செலவு ஒரே சம்பளப் பணத்திலிருந்து போனது.

அந்தக் காலத்துக் கால்பந்து இன்றைய பந்து அல்ல. தடித்த தோல் துண்டுகளைத் தைத்த உறை. உள்ளே ரப்பர் பிளாடர். பம்பு வைத்துக் காற்றடித்து, பிளாடரின் கழுத்தை மடக்கி நூலால் இறுக்கி, உறையின் பிளவுக்குள் தள்ளிவிட்டு, தோல் வாரைக் கொக்கி ஊசியால் கோத்துப் பந்தின் வாயைக் கட்ட வேண்டும். வாரின் முடிச்சு துருத்திக்கொண்டிருக்கும். தலையால் முட்டும்போது முடிச்சு நெற்றியில் பட்டால் தோல் கிழியும். மழையில் நனைந்தால் பந்து தண்ணீரைக் குடித்துக் கனமாகும். இதையும் வெறுங்காலால் உதைத்தவர்கள் அன்றைய இந்தியா முழுக்க இருந்தார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து ஆடிய இந்திய அணியிலேயே பெரும்பாலோர் பூட்ஸ் போடவில்லை. அந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன். ஹாக்கி மட்டை மல்பெரி மரத்தில் செய்தது. சியால்கோட்டிலிருந்து வந்துகொண்டிருந்த மட்டை, நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு கைவினைஞர்கள் இடம்பெயர்ந்ததால் ஜலந்தரிலிருந்து வரத் தொடங்கியது.

ஆடியவர்களின் உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியசைத் தாண்டியது. காற்றைக் குளிரவைத்து உள்ளே அனுப்பினால்தான் ஆள் நிற்க முடியும். பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவதைத் தங்கவயல்காரர்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்றார்கள். அதன் அதிர்வு மேலே வீடுகளையும் ஆட்டியது. இவற்றைவிட மெதுவாக வேலை செய்தது பாறைத் தூசி. சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவானது இங்கேதான், 1934இல். 1940களில் ஏழாயிரத்துச் சொச்சம் தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. மூச்சு முட்ட ஓடும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்களின் நுரையீரல் இது. துளைப்பொறி பிடித்தவன் முப்பத்தைந்து வயதில் ஆட்டத்தை விட்டான் என்றால் அதற்கு வயது மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பில்லை.

1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை எடுத்துக்கொண்டன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானது. கிளப்புகளின் கதவு இந்திய அதிகாரிகளுக்குத் திறந்தது. சுரங்கப் பெயரில் அணிகள் தொடர்ந்தன. மைசூர் மாநிலக் கால்பந்துக்கு 1940களிலிருந்து 1960கள் வரை நல்ல காலம். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை 1946-47, 1952-53, 1967-68, 1968-69 என நான்கு முறை மைசூர் வென்றது. ஆனால் திறமைசாலிகள் தங்கவயலில் தங்கவில்லை. பெங்களூரின் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுத்தன. பூமிக்கு மேலே, வெளிச்சத்தில் செய்யும் வேலை. 1940இல் கோலாரில் பிறந்த கென்னத் பவல் அந்த வழியில் போனவர். ஐ.டி.ஐ.யில் வேலை பார்த்துக்கொண்டே ஓடி, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் அரையிறுதிக்குச் சென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். மறு ஆண்டு அர்ஜுனா விருது கிடைத்தது. அதே 1964இல் தொடங்கிய பி.இ.எம்.எல். நிறுவனம் தங்கவயலிலேயே தொழிற்சாலை அமைத்த பிறகு, சுரங்கத்துக்குப் போகாமல் ஊரிலேயே சம்பளம் வாங்கவும் வழி பிறந்தது.

தங்கத்தின் தரம் குறைந்தது, ஆழம் கூடியது, செலவு ஏறியது. 2001 மார்ச் 1 முதல் சுரங்கம் மூடப்பட்டது. கம்பெனி தந்த மருத்துவமனை, தண்ணீர், மின்சாரம், பள்ளிக்கூடம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டம் கண்டன. விளையாட்டு அணி இந்தப் பட்டியலில் கடைசி. அதைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை. பிழைப்புக்கு ஆயிரக்கணக்கானோர் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறிச் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்பத் தொடங்கினார்கள். ஷிப்டு போனதும் மாலையும் போயிற்று. அணி கலைந்ததற்குப் பணமின்மையைக் காரணம் சொல்வார்கள்; ரயில் நேரம் அதைவிடப் பெரிய காரணம். வாரநாளில் வெளிச்சம் இருக்கும்போது மைதானத்தில் நிற்கக்கூடியவர்கள் பள்ளி மாணவர்களும் ஓய்வு பெற்றவர்களும்தான்.

இப்போது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சுருங்கிவிட்டது. ஆடுவதும் பெரும்பாலும் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். கையுறை வேண்டாம், காலில் பட்டை வேண்டாம், ஒரு மட்டையும் பந்தும் போதும். இதை இலங்கைத் தமிழர்கள் 'மென்பந்து' என்று அழகாகச் சொல்கிறார்கள். ஆனி, ஆடிக் காற்றில் சயனைடு மேடுகளின் வெண்தூசி கிளம்பி ஆடுபவர் கண்ணிலும் மூச்சிலும் இறங்குகிறது. நூறாண்டுக்கு மேல் அரைத்த பாறையின் கழிவு அது. மூன்று கோடி டன்னுக்கும் மேல் குவிந்து கிடக்கிறது.

தங்கவயலைப் பற்றிய நூல்களில் எந்த ஆண்டு எத்தனை அவுன்ஸ் எடுத்தார்கள் என்ற கணக்கு துல்லியமாக இருக்கிறது. எந்த ஆண்டு எந்தச் சுரங்கத்தின் அணி கேடயம் வாங்கியது என்பது வீட்டுச் சுவர்களில் மாட்டிய அணிப் படங்களில்தான் இருக்கிறது: பின்வரிசை நின்றபடி, முன்வரிசை நாற்காலியில், தரையில் இரண்டு சிறுவர்கள், நடுவில் பந்தும் கேடயமும். அட்டையின் அடியில் பெயர் அச்சிட்ட படங்கள் சில உண்டு, பலவற்றில் இல்லை. முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்களுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அப்படி ஒரு படம் வீட்டில் இருந்தால், அவர்களை உட்காரவைத்துக் கேட்டு, ஆண்டையும் சுரங்கத்தையும் இடமிருந்து வலமாகப் பெயர்களையும் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.