தைத்த பாட்டின் பெயர்

குயீன் இசைக்குழுவையும் அதன் பாடகர் ஃபிரெடி மெர்க்குரியையும் பற்றி 2018இல் வெளிவந்த திரைப்படத்துக்கு ‘பொஹீமியன் ராப்சடி’ என்று பெயர். அக்குழு 1975இல் வெளியிட்ட பாட்டின் பெயரே அது. சொல்லின்பம் நாடுவோர்க்கு இவ்விரு சொற்களும் நல்விருந்து.

போயி என்னும் கெல்டிய இனக்குழுவின் பெயரோடு, இல்லத்தைக் குறிக்கும் செருமானியச் சொல் சேர்ந்து, இலத்தீனில் ‘பொயோஹேமும்’ ஆகி, பொஹீமியாவாய்த் தேய்ந்தது. போயியர் அகன்றனர், பெயர் மட்டும் இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதியில் நிலைத்தது. பின்னர்ப் பிரான்சுக்கு வந்த ரோமா மக்களை அந்நிலத்தார் என்றெண்ணிப் பிரெஞ்சுக்காரர் அப்பெயராலேயே அழைத்தனர். அம்மக்களின் ரோமானி மொழிக்கோ வேர் வட இந்தியாவில். 19ஆம் நூற்றாண்டில் அதே பெயர், கட்டுப்பாடுகளை உதறி வறுமையில் வாழ்ந்த பாரிசுக் கலைஞர்களுக்கு ஆகிவந்தது. 1896இல் புச்சினியின் ‘லா பொஎம்’ இசைநாடகம் அதை உலகெங்கும் பரப்பியது. குடிப்பெயர் நிலப்பெயராகி, நிலப்பெயர் வாழ்முறையின் பெயரானது.

‘ராப்சடி’ கிரேக்கம். ‘ராப்தேயின்’ என்றால் தைத்தல். ‘ஓதே’ என்றால் பாட்டு. காப்பியப் பகுதிகளை அவைகளில் பாடிய பாணர் ‘ராப்சோதோஸ்’, அதாவது பாட்டுத் தைப்பவர். யாத்தல் என்றால் கட்டுதல். அதிலிருந்து யாப்பைப் பெற்ற நமக்கு இந்தப் பொருள் எளிதில் பிடிபடும். நாளடைவில் அச்சொல், ஒரே வடிவுக்குள் அடங்காது உணர்ச்சி மாறி மாறிச் செல்லும் இசைப்படைப்பைக் குறித்தது. லிஸ்ட்டின் அங்கேரிய ராப்சடிகள் அவ்வகையின.

குயீனின் பாட்டும் மெய்யாகவே தையல்தான். பியானோவோடு மெல்ல நடக்கும் பகுதி, கிட்டார் தனியிசை, மூவர் குரலைப் பல அடுக்காய்ப் பதிந்து பெருங்குழுவாக்கிய ஆப்பெராப் பகுதி, முழங்கும் ராக், மீண்டும் தணிவு என ஏறத்தாழ ஆறு நிமிடம் ஓடும் அதில், திரும்பத் திரும்ப வரும் பல்லவியே இல்லை.

அதைப் பாடிய மெர்க்குரி 1946இல் சான்சிபாரில், பார்சிக் குடும்பத்தில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்தவர். ஃபரூக், பாரசீகத்தில் நற்பேறுடையவன். புல்சாரா, குசராத்தின் புல்சாரைச் சுட்டும் குடிப்பெயர். அவ்வூர் இன்று வல்சாடு. போயியர் தம் பெயரை நிலத்தில் விட்டுச் சென்றனர்; புல்சாராக்களோ ஊரின் பெயரைக் கடல் கடந்தும் சுமந்தனர்.

படத்திலும் தையலுண்டு. மெர்க்குரியாக நடித்த ராமி மாலெக் வாயசைக்க, மெர்க்குரியின் பழைய பதிவுகளும் மார்க் மார்ட்டெல் என்பாரின் குரலும் இணைந்து ஒலிக்கின்றன. துண்டுகளைத் தைக்கும் படத்தொகுப்புக்கும் ஆஸ்கர் கிடைத்தது. பாட்டிடமிருந்து வாங்கிய பெயர் படத்துக்கும் காரணப்பெயராயிற்று.