ஈரமலையில் ஒரு மண்கதவு: லிஃபிஸ்டியஸ் சிலந்தி ஆய்வின் வரலாறு

மண்ணில் வளை தோண்டி, அதன் வாய்க்குக் கதவும் வைத்துக் குடியிருக்கும் சிலந்தி என்றால் பாலைவனம்தான் சட்டென்று நினைவுக்கு வரும். நமீப் மணற்குன்றுகளில் லியூகோர்கெஸ்ட்ரிஸ் என்னும் சிலந்தி மணலையும் பட்டிழையையும் சேர்த்து வளையின் வாயை மூடிக்கொள்கிறது. பகல் வெயில் வெளியே நின்றுவிடுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை வட்டாரத்தில் பார்பரா யார்க் மெயின் 1974இல் தொடங்கிய கண்காணிப்பில் '16ஆம் எண்' பெற்ற பெண் கதவுச் சிலந்தி 43 ஆண்டு வாழ்ந்ததாக 2018இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. இவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால், கதவு என்பது வறட்சி கற்றுக்கொடுத்த வித்தை என்றே தோன்றும். மலாயாவில் நடந்த ஆய்வுகள் அந்த முடிவுக்கு இடம் தருவதில்லை.

டென்மார்க்கின் ஷியோட்டே 1849இல் பினாங்குச் சிலந்தி ஒன்றுக்கு லிஃபிஸ்டியஸ் டிசல்டார் என்று பெயரிட்டார். மற்றச் சிலந்திகளின் வயிறு வழுவழுவென்று பை போல இருக்க, இதன் முதுகிலோ வரிசையாகத் தகடுகள். நூல் நூற்கும் உறுப்புகளும் வால்முனையில் இல்லாமல் அடிவயிற்றின் நடுவில் இருந்தன. இந்த இரண்டையும் வெறும் விநோதமாக ஒதுக்காமல், சிலந்தி வகைப்பாட்டுக்கே அடித்தளமாக்கியவர் போக்காக். 1892இல் அவர் சிலந்திகளை இரண்டாகப் பிரித்து, இந்தத் தொல்குடிக்கு மீசோதெலே என்று பெயர் வைத்தார். பிரான்சின் மோன்சோ-லே-மீன் நிலக்கரிப் பகுதியில் கிடைத்த, ஏறத்தாழ 30 கோடி ஆண்டுப் பழைமையான புதைபடிவத்தை 1996இல் பால் செல்டன் இதே குடியில் சேர்த்தார். அந்தப் படிவம் காட்டுவது உடலை மட்டுமே, வீட்டை அல்ல. ஆகவே முதல் கதவு எந்த மண்ணில் முளைத்தது என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இன்று உயிரோடிருக்கும் மீசோதெலே சிலந்திகள் கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவின் ஈரமான நிலங்களிலேயே வாழ்கின்றன. பாலைவனத்தில் ஒன்றுகூட இல்லை.

பாட்டிலில் ஊறிக் கிடந்த உடலைத் தாண்டி, 1923இல் வளையின் பக்கமும் பார்வை திரும்பியது. அந்த ஆண்டில் ஏப்ரகாம் லிஃபிஸ்டியஸில் மலாயானஸ், பத்துவென்சிஸ் என்ற இரண்டு இனங்களை விவரித்தார். பின்னது பத்துமலைக் குகைக்குரியது. மலாயானஸ் பற்றிய கட்டுரையின் தலைப்பிலேயே அதன் பழக்கவழக்கங்களுக்கும் இடம் கொடுத்தார். 1932இல் பிரிஸ்டோ இந்தக் குடும்பம் முழுவதையும் பற்றி விரிவாக எழுதினார். உள்ளுறுப்புகளைப் பற்றிய பின்னிணைப்பு மில்லோ எழுதியது.

வளையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் வேலைப்பாடு தெரியும், அதுவும் கண்ணுக்குத் தட்டுப்பட்டால். கதவின் மேற்புறத்தில் மண்ணும் பாசியும் ஒட்டியிருக்கும். சுற்றியுள்ள சரிவிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். காட்டிக்கொடுப்பவை வாயிலிலிருந்து விசிறி போல் தரையில் விரியும் சில பட்டிழைகள். இருட்டியபின் சிலந்தி கதவுக்குப் பின்னால் வந்து, முன்கால்களை இழைகளின் உள்முனைகளில் வைத்துக் காத்திருக்கும். போகிற பூச்சி ஒன்றில் இடறினால் போதும்: கதவு திறக்கும், பிடி விழும், கதவு மூடும். ஆக, இங்கே கதவு வெயில் மறைப்பு அல்ல. ஒளிவிடம், வேட்டைக்கான திரை. ஜப்பானின் ஹெப்டாதெலா இதே குடியைச் சேர்ந்ததுதான், ஆனால் இழை விரிப்பதில்லை. கதவும் இழையும் எப்போதும் சேர்ந்தே வருபவை அல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

இப்படி வேட்டையாடும் லிஃபிஸ்டியஸுக்கு நஞ்சுச் சுரப்பியே கிடையாது என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஃபீலிக்ஸும் எர்பும் 2010இல் அதை மறுத்து எழுதினார்கள்.

மலாயாவின் கேமரன் மலையின் பெயர் இந்த வரலாற்றில் தாமதமாகவே ஏறுகிறது. 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காக வந்துபோன மலை அது. தாப்பாவிலிருந்து சாலை ஏறியதும், 1929இல் ரஸ்ஸல் 'போ' தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியதும், தமிழ்த் தொழிலாளர் உழைப்பில் காடு தோட்டமானதும் அதற்குப் பிறகு. ஆனால் இங்குள்ள சிலந்தியை மலாயானஸின் உள்ளினமாகப் பிரித்து, ஹாப்ட் 'கேமரோனி' என்று பெயரிட்டது 1983இல்தான். அவர் அப்போது செய்துகொண்டிருந்தது இனப்பெருக்க உறுப்புகளின் ஒப்பாய்வு. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் சிலந்திகளை வகை பிரிக்க அந்த உறுப்புகளே நம்பகமான அடையாளம்.

மலைக்கு மலை வேறுபாடு வருவது ஏன்? இந்தச் சிலந்திக் குஞ்சுகள் மற்ற பல சிலந்திகளைப் போல நூல் விட்டுக் காற்றில் மிதந்து பரவுவதில்லை. பெண் தன் வளையை விட்டு அகலாது. பருவமடைந்த ஆண்தான் துணை தேடி வெளியே அலையும். அதனால்தான் லங்காவிக்கு ஓர் இனம், தியோமானுக்கு ஓர் இனம் என்று தனித்தனியே நிலைத்துவிட்டன. சாலை வெட்டிய செங்குத்தான மண்சுவரில் சருகு தங்காது, தண்ணீரும் தேங்காது. மனிதன் உண்டாக்கிய அந்தச் சரிவிலும் லிஃபிஸ்டியஸ் வளை தோண்டும். தோட்டச் சாலையை அகலப்படுத்தும்போது அந்தச் சுவர் சரிந்தால், எதிர்மலையிலிருந்து பறந்து வந்து குடியேற ஒன்றும் இல்லை. பக்கத்துச் சரிவில் மிஞ்சியிருப்பவைதான், அப்படி ஏதேனும் மிஞ்சியிருந்தால், நடந்து வந்து சேர வேண்டும்.